நாகலாபுரமா பழவேற்காடா? ஒரு நாள் தண்ணியோரம் நடக்க எது?

காலைல சென்னைல கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துடணும், நடுவுல நாள் முழுக்க தண்ணி கூடவே நடக்கணும்னு பேச்சு வந்தா எங்க வீட்ல ரெண்டு ஊர் பேருதான் அடிபடும். ரெண்டுக்கும் பலதடவை போயாச்சு, அதான் எழுதறேன்.

நாகலாபுரம் ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரால இருக்கு, சுமார் 70 கிலோமீட்டர். அங்க பாதைன்னு தனியா எதுவும் பெருசா இல்ல, ஓடைதான் பாதை, பாறைக்கு பாறை தாவி, சில இடத்துல இடுப்பளவு தண்ணில இறங்கி ஏறி மேல போயிட்டே இருக்கணும். மடு எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கறதால அடி கிட்டக்க தெரியும், இறங்கினா ஆள் ஆழம்! நீச்சல் தெரியாத பசங்கள தயவுசெஞ்சு இறக்காதீங்க. மழை நாள்லயும் வேணாம், நாம நிக்கற இடத்துல வெயில் அடிக்கும் ஆனா மலை மேல பெஞ்ச மழை சட்டுனு கீழ வந்துடும். ஜனவரி, பிப்ரவரிதான் சரி, அதுவும் வனத்துறை உள்ள விடறாங்களான்னு கேட்டுட்டு கிளம்புங்க.

பழவேற்காடு அப்படியே நேர் எதிர். பாறை ஏறற வேலையே இல்ல, ஆனா நிழலும் கிடையாது, தொப்பியும் தண்ணியும் கண்டிப்பா வேணும். சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் ஏறி பொன்னேரில இறங்கி பஸ் பிடிச்சா போதும், கார் இல்லாதவங்களுக்கு இதுதான் வசதி. ஆத்து தண்ணியும் கடல் தண்ணியும் கலக்குற ஏரி, மழை முடிஞ்சா உப்பு குறையும், கோடைல ஏறும். முகத்துவாரம் மண்ணு மூடிக்கிச்சுன்னா கடல் தண்ணி உள்ள வராது, மீனும் இறாலும் குறைஞ்சு மீனவங்க பொழப்பே அடிபடும், அதனால அங்க போறவங்க அந்த இடத்த பாக்காம வராதீங்க. குளிர்காலத்துல பூநாரைங்க வரும். ஊருக்குள்ள டச்சுக்காரங்க கல்லறை இருக்கு, வாசல்ல எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், என் பொண்ணு அத விட்டு நகரவே மாட்டேன்னுட்டா. படகு மட்டும் வேணாம், 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு படகு கவுந்து 20 பேருக்கு மேல போயிட்டாங்க, இன்னும் மனசு ஆறல.

வெளியூர் போக நேரம் இல்லன்னா அடையார் தொல்காப்பியப் பூங்கா, 58 ஏக்கர், கழிமுகம் ஓரமா காலை நடைக்கு ரொம்ப நல்லா இருக்கும், ஆனா அத வச்சு ஒரு நாள ஓட்ட முடியாது.

குழந்தைங்க, வயசானவங்க கூட வந்தா யோசிக்கவே வேணாம், பழவேற்காடு. நாலஞ்சு பேரும் நீச்சல் தெரிஞ்சவங்கன்னா நாகலாபுரம். ஒண்ணுதான்னு சொன்னா நான் பழவேற்காடுக்குதான் போவேன், ஆனா முடிஞ்சா ஒரே மாசத்துல ரெண்டையும் பாருங்க, ஏன்னா நாகலாபுரம் போற வழில சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை பக்கம் ஓடுதே ஆரணியாறு, அதேதான் பழவேற்காட்டுல வந்து ஏரில கலக்குது. சுருட்டப்பள்ளில சிவன் படுத்த கோலத்துல இருக்கற கோயில் ஆத்தங்கரைலதான், போகும்போதே இறங்கி தண்ணி எவ்ளோ ஓடுதுன்னு பாத்து வச்சுக்கோங்க.