சூப்பர் மார்க்கெட் தக்காளி: நிறத்துக்கு முழு மதிப்பெண், ருசிக்குப் பாதிகூட இல்லை

அடுக்கில் இருக்கும் உருண்டைத் தக்காளியைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே அளவு, காம்பிலிருந்து அடிவரை ஒரே சிவப்பு. குறுக்கே வெட்டினால்தான் குட்டு வெளிப்படும்: தடித்த சதை, நடுவில் வெள்ளைத் தண்டு, விதையைச் சுற்றிக் கொழகொழவென்று இருக்க வேண்டிய கூழ் கொஞ்சமே கொஞ்சம். புளிப்பு அந்தக் கூழில்தான் அதிகம். ஆனால் லாரியில் நசுங்காமல் போய்ச் சேரத் தடித்த சதை வேண்டும். ரகத்தைத் தேர்ந்ததே அதற்காகத்தான்.

பெரும்பாலும் பறிப்பது பழத்தை அல்ல, முற்றிய பச்சைக் காயை. 20 டிகிரி செல்சியஸ் அறையில், காயைப் பழுக்க வைக்கும் வாயுவான எத்திலீனை 100 முதல் 150 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு அத்தனை பங்கு) விட்டால் சில நாளில் சிவந்துவிடும். எத்திலீன்மேல் பழி போட வேண்டாம், செடியில் பழுக்கிற காயும் அதையேதான் சுரக்கிறது. கோளாறு பறிக்கும் நாளில். காம்பை அறுத்ததும் செடியிலிருந்து வரும் சர்க்கரை நின்றுபோகிறது. முற்றிய காயையும் முற்றாததையும் வெளியே பார்த்துப் பிரிப்பது கடினம். பிஞ்சு கலந்துவிட்டால் சிவப்பு வரும், ருசி வராது.

அந்த ஒரே சீரான நிறமும் சும்மா வரவில்லை. பழைய ரகங்களில் காயின் தோள், அதாவது காம்பைச் சுற்றிய மேல்பகுதி, கரும்பச்சையாக இருக்கும். அது இல்லாத, முழுக்க வெளிர்பச்சையான காய்களையே பல பத்தாண்டுகள் பொறுக்கிப் பெருக்கினார்கள். அதில் ஒரு மரபணு முடங்கிப்போய், காயே சர்க்கரை செய்ய உதவும் பசுங்கணிகம் குறைந்துவிட்டது என்பது 2012-இல்தான் தெரியவந்தது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் செர்ரி தக்காளியை எடுங்கள், சர்க்கரை பொதுவாக அதில் கூடுதல். உருண்டை ரகத்தில் ஒரே அளவுள்ளவற்றில் கனமானதை எடுங்கள். செங்காயாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது: சுமார் 12 டிகிரிக்குக் கீழே பழுப்பது தடுமாறி, தோலில் குழிகள் விழும். நன்றாகப் பழுத்தது ஓரிரு நாள் தாங்கும். 5 டிகிரியில் ஒரு வாரம் கிடந்தால், பிறகு வெளியே வைத்தாலும் போன மணம் முழுதாகத் திரும்பாது.

பச்சையாக வெட்டிச் சாப்பிட இந்தத் தக்காளி சரிப்படாது. அடுப்பில் ஏற்றினால் தேறும். 95 சதவீதம் தண்ணீர்தானே, அதை வற்ற விட வேண்டும். பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்க அடுக்கி, உப்புத் தூவி, ஓவனில் 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். தட்டில் நெருக்கி அடுக்கினால் ஆவியில் வெந்து கூழாகும். விரல் இடைவெளி விடுங்கள்.