கெடில்ஸ்டன் ஹால்: சுத்திப் பார்க்க சூப்பர், குடியிருக்க கஷ்டம்

இங்கிலாந்துல டெர்பி பக்கம் போனா இதை விட்றாதீங்க. 1759ல ஆரம்பிச்ச கர்சன் குடும்பத்து மாளிகை, பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட் ராபர்ட் ஆடம் கைவண்ணம்தான். உள்ள போனதும் மார்பிள் ஹால், அலபாஸ்டர்ங்கற பளிங்கு மாதிரி கல்லுல 20 தூண், வெளிச்சம் கூரை வழியா விழுது, அதுக்குப் பின்னாடியே ரோம்ல இருக்குற பழைய பாந்தியன் கோயில் ஸ்டைல்ல டோம் வச்ச வட்டமான சலூன், அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிச்சிடும். ஆனா இந்த நடு பில்டிங் பூரா வந்தவங்களுக்கு பந்தா காட்டத்தான், குடும்பம் இருந்தது பக்கத்து விங்ல! இதுக்காக ஒரு கிராமத்தையே கிளப்பி தள்ளி வச்சாங்க, சர்ச் மட்டும் வீட்டை ஒட்டி நிக்குது. ரெண்டாம் உலகப்போர்ல ராணுவ கேம்ப், 1987ல இருந்து பழைய கட்டிடங்களைப் பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட் அமைப்பு கையில.

வங்காளத்தை ரெண்டாக்குன வைஸ்ராய் கர்சன் பொறந்த வீடும் இதான். கல்கத்தா கவர்னர் மாளிகைக்கே இதுதான் மாடல், அவரு அங்கயும் போய் குடியிருந்திருக்காரு, என்ன ராசியோ. கீழ அவரு ஆசியாவுல சேர்த்த சாமான்லாம் வச்ச மியூசியம் இருக்கு. 1903 டெல்லி தர்பாருக்கு அவரு மனைவி போட்ட மயில் கவுன் இந்த வீட்டு சொத்துதான், ஜரிகை வேலை முழுக்க நம்ம நாட்டு கைவினைக்காரங்க, ஒவ்வொரு மயில் கண்ணுலயும் பச்சையா மின்னுறது நிஜ வண்டு சிறகு. மேல்மாடத்தை விட இதுக்குத்தான் நான் மார்க் போடுவேன்.