துருப்பிடித்த அறுபதாயிரமா, ஓடித் தேய்ந்த லட்சமா: இரண்டு பழைய கார்களின் கணக்கு

சென்ற ஆண்டு ஆவணியில் காரைக்குடியில் நான் பழைய கார் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரே மாடலில், 2009ஆம் ஆண்டு பதிவான இரண்டு பெட்ரோல் கார்கள் ஒரே வாரத்தில் விலைக்கு வந்தன. முதலாவது தொண்டிப் பக்கத்து வண்டி: டிஎன் 65 பதிவு, 46,000 கிலோமீட்டர் ஓட்டம், முதல் உரிமையாளர் கையிலேயே இருந்தது, கேட்ட விலை 60,000 ரூபாய், உடலில் ஆங்காங்கே துரு. இரண்டாவது திண்டுக்கல் வண்டி: டிஎன் 57, 1,28,000 கிலோமீட்டர், மூன்று கை மாறியது, விலை 1,05,000 ரூபாய், துரு என்று சொல்லும்படி ஏதும் இல்லை. நான் வாங்கியது இரண்டாவதை.

மைலேஜும் இடவசதியும் உதிரிபாகமும் இரண்டுக்கும் ஒன்றே. பதினைந்து ஆண்டு முடிந்து இரண்டின் பதிவும் 2029 வரை புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகவும் உயர்ந்தது; அந்தச் செலவும் இரண்டுக்கும் பொதுதான். இஞ்சினை மட்டும் பார்த்தால் தொண்டி வண்டியே மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை, கியர் தடையின்றி விழுந்தது. திண்டுக்கல் வண்டியிலோ கிளட்ச் வழுக்கியது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் கடகடத்தது.

ஆகவே முடிவு துருவைப் பொறுத்தே அமைந்தது. அதிலும் துரு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதைப் பொறுத்தே அமைந்தது. லாரிக்கு இருப்பதுபோல் இத்தகைய சிறு கார்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பு, கூரையைத் தாங்கும் பில்லர்கள், முன்சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் மேலே வந்து பொருந்தும் ஏப்ரன் ஆகிய எல்லாம் சேர்ந்து பற்றவைக்கப்பட்ட கூடுதான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. பானெட், முன் ஃபெண்டர், கதவு ஆகியவை போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை என்பதால், அவற்றில் துரு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர அஞ்ச வேண்டியதில்லை. சைலன்ஸர் பழுப்பேறியிருப்பதும், மழை பெய்த மறுநாள் பிரேக் டிஸ்க்கில் படியும் செம்மையும் இயல்பானவை. பின்னது முதல் சில பிரேக்கிலேயே போய்விடும்.

தொண்டி வண்டியில் கண்ணுக்குத் தெரிந்த துரு பின்சக்கர வளைவில் பெயிண்ட் கொப்பளித்திருந்த இரண்டு இடங்கள் மட்டுமே. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் பெயிண்ட் அப்படி மேலே எழும்புகிறது. கொப்புளம் வெளியே தெரியும்போது தகடு பெரும்பாலும் உட்புறத்திலிருந்து அரித்துவந்திருக்கும். துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை விளிம்பில் வைத்துப் பார்த்தேன். முன்கதவின் கீழ் ஒட்டியது, பின்கதவின் கீழ் நழுவி விழுந்தது. அங்கே இருந்தது தகடன்று, பள்ளத்தை அடைத்துப் பெயிண்டுக்கு அடியில் பூசும் பட்டி. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி ரப்பர் விரிப்பை விலக்கியதும் கருவாட்டு வாடை அடித்தது. ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை அதில்தான் ஏற்றிவந்ததாக உரிமையாளர் மறைக்காமல் சொன்னார். ஸ்க்ரூடிரைவரின் முனையை மெல்ல ஊன்றினேன். அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம், பிறகு அந்த ஓட்டை வழியே கீழே மணல் தெரிந்தது.

உப்பின் கெடுதல் இதுதான்: அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், ஷெட்டில் நிறுத்திய வண்டியின் தகடும் காய்வதில்லை. அரிமானத்தையும் ஆராயும், சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்கிவரும் ஊரில் இருந்துகொண்டு, துருவைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று நானும் ஒரு நாள் முழுக்க நம்பியிருந்தேன் என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் எனக்குத் தெரிந்த, கார்த் தகடு வேலை செய்யும் டிங்கரை அழைத்துச் சென்றேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, ஜாக்கி வைக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எழுந்து வந்து, “இஞ்சின் போனா இறக்கி ஏத்திடலாம்ண்ணே. இது போனா எதுல ஏத்துறது?” என்றார். இரு பக்க விளிம்பும் டிக்கித் தரையும் வெட்டித் தகடு வைத்துப் பற்றவைத்து, பெயிண்டும் முடிக்க 40,000 ரூபாய் வரை ஆகும் என்பது அவர் கணக்கு. அதைக் காட்டிலும் என்னை யோசிக்க வைத்தது, அந்த வேலை நிற்குமா என்று கேட்டபோது அவர் தந்த விளக்கம். பற்றவைக்கும் சூட்டில் தகட்டின் உட்பக்கப் பூச்சு எரிந்துவிடுகிறது. மூடிய பெட்டிக்குள் தூரிகை நுழையாது. ஆகவே புதிய துரு பெரும்பாலும் ஒட்டுப்போட்ட ஓரத்திலேயே தொடங்குகிறது. மெழுகு போன்ற பூச்சைத் துளை வழியே பீய்ச்சினால் காலம் நீடிக்கலாம், ஆனால் உத்தரவாதம் தரமாட்டேன் என்றும் சொன்னார். தன் வேலைக்கே உத்தரவாதம் தர மறுத்த அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

திண்டுக்கல் வண்டிக்கு நான் செலவழித்தது: கிளட்ச் செட், முன் ஷாக் அப்சார்பர்கள், இரண்டு டயர், எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். மொத்தம் 1,29,000. தொண்டி வண்டியோ ஒரு லட்சத்தில் முடிந்திருக்கும், அதாவது 29,000 மிச்சம். ஆனால் திண்டுக்கல் வண்டிக்குப் போட்ட பணம் புதுப் பொருள்களாக வண்டியில் இருக்கிறது. தேய்ந்தால் மீண்டும் அவற்றையே மாற்றலாம். தொண்டி வண்டியில் போட்டிருக்கக்கூடிய 40,000 ரூபாயை ஈரம் தின்னத் தொடங்கியிருக்கும். விற்கும்போதும் கதை இதுவே: அடுத்து வாங்க வருபவரும் ஒரு காந்தத்தோடு வருவார். கிலோமீட்டர் அதிகம் என்றால் பேரம் பேசுவார்கள்; தரையில் ஒட்டு என்றால் பெரும்பாலோர் பேசாமல் போய்விடுவார்கள். மோதலின்போது ஒட்டுப்போட்ட விளிம்பு எப்படி மடங்கும் என்பது இன்னொரு கவலை; குழந்தைகள் ஏறும் வண்டியில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

துருப்பிடித்த வண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டக் கற்றுக்கொள்ள ஓராண்டுக்கு ஒரு வண்டி வேண்டும் என்பவர், துரு கழற்றும் பாகங்களில் மட்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் பூட்டிய வீடுகளின் ஷெட்டில் நிற்கும் அம்பாசடர்களை வாங்குபவர்களின் கணக்கு வேறு. 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை அப்பச்சி காலத்து நினைவுக்காக வாங்குபவரிடம் டிங்கரிங் செலவைப் பற்றிப் பேசுவது வீண்.

என் அனுபவம் பதினான்கு மாதம், ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர், அவ்வளவுதான். பெட்ரோல் வண்டி மட்டுமே ஓட்டியவன் என்பதால், ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் வண்டிக்கும் இதே கணக்கைப் போட நான் துணியமாட்டேன். திண்டுக்கல் வண்டியும் இப்போது சிறிது ஆயில் குடிக்கிறது. மாதம் ஒருமுறை அளவுகோலை எடுத்துப் பார்த்து ஊற்றுகிறேன். இந்த ஐப்பசி மழைக்கு முன்பு, நான்கு கதவுகளின் அடியிலும் தண்ணீர் வடியும் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிட்டேன். பின் இடது கதவிலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி செம்மண் உதிர்ந்தது, உள்ளே தகடு இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.