குளச்சல் உப்புக்காற்றில் ஒரு கேமிங் பிசி: 2019 முதல் இன்றுவரை

நீண்ட நாள் உழைக்கிற கேமிங் பிசி என்றதும் எல்லோரும் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றித்தான் பேசுகிறார்கள். 2019 கடைசியில் நான் அசெம்பிள் செய்த பிசியில் அந்த இரண்டும் இன்று இல்லை, இரண்டையும் மாற்றியாகிவிட்டது. அன்று வாங்கியதில் இப்போதும் ஓடிக்கொண்டிருப்பவை பவர் சப்ளை, மதர்போர்டு, ரேம், கேபினெட், எஸ்எஸ்டி. அதனால் கடலோரத்தில் இருப்பவர்கள் பட்ஜெட்டைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. முதலில் பவர் சப்ளை, யுபிஎஸ், எர்த். அடுத்து போர்டு. கையில் மிஞ்சுவதுதான் கார்டுக்கு.

எங்கள் வீடு குளச்சலில், கடலுக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் என்ன வேகத்தில் துருப்பிடிக்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குள் நடப்பதும் அதே கதைதான். ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டு மழையும் நமக்கு உண்டு. போர்டின் மேல் படிந்த உப்புத்தூசி அந்த மாதங்களில் லேசான ஈரப் படலமாகக் கிடக்கும். தினமும் கொஞ்ச நேரம் ஓடுகிற பிசிக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை, உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை விரட்டிவிடும். சும்மா கிடக்கிற பிசிதான் கெடும். கல்ஃபில் வேலை பார்க்கும் என் மச்சான் வாங்கி வைத்த பிசி என்னுடையதைவிடப் புதியது, அவன் லீவில் வந்தால்தான் ஆன் ஆகும். ஒவ்வொரு தடவையும் ரேமைக் கழற்றி, முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துப் போட்ட பிறகுதான் திரையில் படம் வரும். இப்போது அவன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: "அத்தை, வாரத்துக்கு ரெண்டு நாள் சும்மா ஆன் பண்ணி விடுங்க, பாட்டாவது கேளுங்க." கேட்கிறார்கள்.

பவர் சப்ளை வாங்க நாகர்கோவில் போனபோது கடைக்காரர், "தம்பி, 450 வாட்டே தாராளம். மிச்சப் பணத்துக்கு லைட் எரியுற ஃபேன் நாலு போட்டுத் தாறேன்" என்றார். "லைட் வேண்டாம் அண்ணே, சப்ளை பெரிசா குடுங்க" என்று சீசோனிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ் 650 வாங்கினேன். 80 பிளஸ் கோல்ட் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச் சான்று), பத்து வருஷ வாரண்டி. அன்று போட்டிருந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டுக்கு அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் சப்ளை தன் திறனில் பாதி அளவில் ஓடினால் சூடு குறையும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களுக்கு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஏசி இல்லாத அறையில் இது சின்ன விஷயமில்லை. பின்னால் பெரிய கார்டு வாங்கியபோது சப்ளையைத் தொட வேண்டியிருக்கவும் இல்லை.

எர்த்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஒரு ஷாக் அடிக்கிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். பவர் சப்ளையின் ஃபில்டரில் இருக்கும் கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் உலோகப் பெட்டிக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி பெட்டியின் மேலேயே நிற்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் பெட்டியோடு இணைத்திருக்கும் மானிட்டர், யுஎஸ்பி போர்ட் எல்லாவற்றுக்கும் ஆபத்து. எங்கள் பழைய வீட்டில் மூன்று பின் சாக்கெட் இருந்தது, அதன் மூன்றாவது ஓட்டையில் கம்பியே இல்லை! எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மணலில் குழி தோண்டி, எர்த் ராடு இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம். மணல் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் கோடையில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் வேலை. எந்த கார்டு வாங்கியும் இந்தச் செலவுக்குக் கிடைத்த நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகு இங்கே முக்கால்வாசி வீட்டில் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. அதிலேயே பிசியை ஓட்டலாமா என்று கேட்பார்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் (வீட்டு கரண்ட் போலவே சீரான அலையாகக் கொடுப்பது) என்றால் யுபிஎஸ் மோடில் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். கரண்ட் போனால் நல்ல பவர் சப்ளை சுமார் 16 மில்லிவினாடி தாக்குப்பிடிக்கும், இன்வெர்ட்டர் அதற்குள் மாற வேண்டும். சில இன்வெர்ட்டர் மாறும், சிலது மாறாது. ஸ்கொயர் வேவ் (கரடுமுரடான சதுர அலை) என்றால் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். நான் தனியாக 1100 விஏ (யுபிஎஸ்ஸின் திறனைச் சொல்லும் அளவு) யுபிஎஸ் வைத்திருக்கிறேன். 600 விஏ என்று விற்பதில் பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும், கேம் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். இடி முழங்க ஆரம்பித்தால் சுவிட்சை அணைப்பதோடு விடாமல் பிளக்கையே பிடுங்கிவிடுவேன். கூடவே லேன் கேபிளையும். பக்கத்து வீட்டில் மின்னல் வந்தது நெட் கேபிள் வழியாகத்தான்.

சரி, போர்டு. எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மேக்ஸ். ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) ரைசன் 5 3600 பிராசசர் போட்டு ஆரம்பித்தேன். அதே போர்டில் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் அப்டேட் செய்து 2024-ல் 5700எக்ஸ்3டி போட்டாகிவிட்டது. 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இருப்பதால் கேமில் ஃப்ரேம் தடுமாறுவது சட்டென்று குறைந்தது. ரேமும் போர்டும் பழையதே. 2017-ல் முதல் ரைசன் வந்த சாக்கெட் இவ்வளவு தூரம் வந்தது நம்மைப் போல மெதுவாகச் செலவு செய்பவர்களுக்கு வரம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தபோதும் சிக்கல் வரவில்லை. பயாஸில் டிபிஎம்மை (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) ஆன் செய்ததும் 11 ஏறிவிட்டது.

கார்டு வாங்க 2022 செப்டம்பர் வரை பொறுத்திருந்தேன். கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து கிரிப்டோ நாணயம் எடுக்கும் எத்தீரியம் மைனிங் அந்த மாதம் நின்றது, விலையும் மனிதர்கள் வாங்குகிற அளவுக்கு இறங்கியிருந்தது. ஆர்எக்ஸ் 6600-ஐ விட்டு 6700 எக்ஸ்டி எடுத்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று 12 ஜிபி மெமரி, 1660 சூப்பரின் 6 ஜிபி எனக்கு அதற்குள் போதாமல் போயிருந்தது. இன்னொன்று, 6600-க்கு எட்டு பிசிஐஇ லேன்தான் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதை). என் போர்டு பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஇ என்பதால் பதினாறு லேனும் உள்ள கார்டுதான் நல்லது என்று பட்டது. மைனிங்கில் ஓடிய கார்டு பாதி விலைக்கு வந்தது, தொடவில்லை. அது எந்தக் கொட்டகையில், எந்த வெக்கையில் கிடந்ததோ.

ஃபேன் விஷயத்தில் உப்பு யாரையும் விடாது. கேபினெட்டோடு வந்த மலிவு ஃபேன்கள் ஒவ்வொன்றாகக் கரகரக்க ஆரம்பித்தன. ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் (எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் வகை) உள்ளவையாகப் பார்த்து மாற்றினேன், அவை சத்தமில்லாமல் ஓடுகின்றன. உள்ளே காற்று தள்ளும் ஃபேன் வெளியே தள்ளுவதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாக உப்புத்தூசி நுழையாது, ஃபில்டர் வழியாக மட்டுமே காற்று வரும். ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுகிறேன். பின்பக்கம் காலியாக இருக்கும் ஸ்லாட்டுக்கெல்லாம் மூடி போடுங்கள், பல்லி வரும். லிக்விட் கூலர் எனக்கு வேண்டவே வேண்டாம். பம்ப் போனால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டும், ஏர் கூலரில் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும். அதன் அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, ஆனால் டெம்பரேச்சர் ஏறவில்லை.

எஸ்எஸ்டி சாம்சங் 970 ஈவோ பிளஸ் 500 ஜிபி. 300 டெராபைட் எழுதும்வரை வாரண்டி என்று போட்டிருந்தார்கள். கேம் விளையாடி அதைத் தீர்க்க முடியாது.

இன்று புதிதாக அசெம்பிள் செய்வதாக இருந்தால் ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட் போர்டுதான் எடுப்பேன். 2027-க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிக்கிடக்கிறது. கையில் ஓடுகிற டிடிஆர்4 (முந்தைய தலைமுறை ரேம்) பிசி இருந்தால் அவசரப்பட வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மூன்றாவது ஓட்டையில் கம்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.