ரோஸியை நான்கு இரவுகள் விட்டுவிட்டுப் போன இடம்

தங்கை கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. நான்கு இரவுகள். ரோஸி எங்கள் வீட்டு நாட்டு நாய். ஆறு வயது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவாள். சென்னை மடிப்பாக்கத்தில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, காசு வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்தான் ஒரே வழி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவசரத்துக்கு ஓர் இடத்தில் விட்டிருந்தேன். தடுப்பூசிப் புத்தகத்தை அங்கே யாரும் கேட்கவேயில்லை. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல ஓர் இருமல், முடிவில் வெள்ளை நுரை. கென்னல் காஃப். நாய்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் காற்றிலேயே பரவும், தொற்றி இரண்டு வாரம் கழித்துக்கூடத் தெரியவரும் என்றார் டாக்டர். குணமாகும்வரை ராத்திரி ராத்திரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இந்த முறை மூன்று இடங்களை நேரில் போய்ப் பார்த்தேன். முதல் இடத்தில் வரவேற்பறை பளபளவென்று இருந்தது. நாய்கள் தூங்கும் பின்பக்கத்தைக் காட்டமாட்டோம் என்றார்கள். சரி என்று கிளம்பிவிட்டேன். இரண்டாவது இடம் சுத்தம்தான். "ராத்திரி யார் இருப்பீங்க?" என்று கேட்டேன். "ஒன்பது மணிக்குப் பூட்டிடுவோம் மேடம், கேமரா இருக்கு" என்றார் அங்கிருந்த பையன். நடுராத்திரியில் ஒரு நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். பூட்டின கட்டடத்தில் அதை யார் பார்ப்பது, யார் தூக்கிக்கொண்டு ஓடுவது?

மூன்றாவது இடம் முட்டுக்காடு தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே. சொல்லாமல் ராத்திரி எட்டரைக்குப் போய் நின்றேன். கேட்டைத் திறந்தவர் ஐம்பது வயதுக்காரர். அறைகளுக்கு நடுவே இருக்கும் நடைபாதையில் அவருடைய மடக்குக் கட்டில், தலையணை, டார்ச். அங்கேதான் தூங்குகிறார். ஃபினாயில் நெடி மூக்கைத் துளைக்கவில்லை, மூத்திர நாற்றமும் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், வழுவழுப்பு இல்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை: எந்த நாய் எவ்வளவு சாப்பிட்டது, மலம் எப்படி, மருந்து எத்தனை மணிக்கு. அந்தப் பலகையைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். ரேபிஸ், ஒன்பது நோய்க்கான ஊசி எல்லாம் இருந்தது. கென்னல் காஃப் சொட்டு மருந்து மட்டும் போடவில்லை. "போட்டுட்டு ஒரு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். வாடகை வந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஓர் இரவு மட்டும் விட்டுப் பார்த்தோம். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை, காலையில் பாதி சாப்பிட்டாளாம். சாப்பாட்டை மாற்றினால் அவளுக்கு வயிறு கெட்டுவிடும். அதனால் நான்கு நாளைக்கும் கோழியும் சோறும் வேளைக்கு ஒரு டப்பாவாக உறையவைத்துக் கொடுத்தேன். அப்புறம் என்னுடைய பழைய துப்பட்டா ஒன்று, துவைக்காமல்.

ஓர் இரவுக்கு 800 ரூபாய். குறை இல்லாமல் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டிப் போனால் இன்னொரு நாள் வாடகை. இதை முன்கூட்டியே சொல்லவில்லை. கொசுவும் அதிகம்; வலை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது எடை 300 கிராம் குறைந்திருந்தது, மற்றபடி நன்றாக இருந்தாள். இருமல் இல்லை, உண்ணி இல்லை. "மொத நாள் பன்னெண்டு மணி வரைக்கும் முனகிட்டே இருந்துச்சும்மா. கட்டிலை அது கதவுகிட்ட இழுத்துப் போட்டேன், தூங்கிடுச்சு" என்றார் அந்த ராத்திரிக்காரர். ரோஸி காரில் ஏறுவதற்கு முன் திரும்பிப் போய் அவர் கையை நக்கிவிட்டு வந்தாள்.

தீபாவளிக்கு எங்கள் தெருவில் வெடிச் சத்தம் தாங்காது. அந்த மூன்று இரவுக்கும் அங்கேயே இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.