வாடகை வீட்டில் ஓதம்: டப்பாவா, மெஷினா, சுண்ணாம்பா?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பழைய ஓட்டு வீடு, புது மாடிப் போர்ஷன் என்ற பேதமே கிடையாது. பீரோவைத் திறந்தால் பூசண வாடைதான். கடைக்கு ஓடும் முன் ஒரு சோதனை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சுவரில் ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் சுவரே ஈரம், அதாவது சுவர் ஓதம். அங்கே காய்ந்திருந்தும் வீடு நசநசத்தால் காற்றின் ஈரம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

காற்றின் ஈரத்துக்குப் பலரும் முதலில் வாங்குவது ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பு டப்பா. கணக்கு போட்டுப் பாருங்கள்: பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம், 26 டிகிரி. ஈரப்பதத்தை 90 சதவீதத்திலிருந்து 60க்கு இறக்க, அந்த அறைக் காற்றிலிருந்து மட்டும் கால் லிட்டர் தண்ணீரை எடுக்க வேண்டும். ஜன்னல் இடுக்கு, கதவடி வழியாகச் சில மணி நேரத்தில் புது ஈரக்காற்று வந்துவிடும். அரை லிட்டர் பிடிக்கும் டப்பா அங்கே என்ன செய்யும்? மூடிய பீரோவில் மட்டும் அது கெட்டிக்காரி. ஆனால் அடியில் சேர்வது வெறும் தண்ணீர் அல்ல, உப்புக் கரைசல். சாய்ந்தால் பட்டுப்புடவையும் சரிகையும் போச்சு. பட்டு வைக்கும் தட்டுக்கு சிலிக்கா ஜெல்தான் நல்லது. ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் வாணலியில் சிறுதீயில் வறுத்து, ஆறவைத்து மறுபடி வைக்கலாம். நாப்தலீன் உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை உறிஞ்சாது.

அறை முழுவதற்கும் என்றால் டீஹியூமிடிஃபையர், காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக இறக்கும் மெஷின். ‘நாளைக்கு 12 லிட்டர்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. குளிர்ந்த மழைநாளில் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும். 250 வாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். சப்-மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் வாங்கும் வீட்டுக்காரர் என்றால் முன்பே யோசியுங்கள். ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டினால் காவிரிக்கரைக் காற்றையே காயவைக்கப் பார்க்கிறீர்கள்.

ஏசியின் டிரை மோடு வெயில் நாளில் சரி. மழைநாளில் அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். காற்றும் குளிர்வதால் ஈரப்பத சதவீதம் அதிகம் இறங்காது. டீஹியூமிடிஃபையர் அறையைச் சற்றே சூடாக்குவதால் அங்கே அது ஜெயிக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் சமையலறைக்கும், குளித்தபின் இருபது நிமிடம் பாத்ரூமுக்கும் போதும். வெளியே தூறிக்கொண்டிருக்கும்போது படுக்கையறையில் ஓட்டினால் ஈரக்காற்றை இழுத்து வரும்.

சுவர் ஓதத்துக்கு மேற்சொன்ன எதுவும் மருந்தாகாது. டெல்டாவில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். பழைய சுவரில் ஈரம் தடுக்கும் அடுக்கே இருக்காது. தண்ணீர் செங்கல் வழியே மூன்றடி வரை ஏறி, ஆவியாகிற இடத்தில் உப்பு பூக்கும். அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் ஆவி வெளியேற வழியின்றி, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அல்லது ஓதம் பெயிண்டுக்கு மேலே போய் எட்டிப்பார்க்கும். சுண்ணாம்பு மூச்சுவிடும், மலிவும்கூட.

பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் வாங்குங்கள். கழுவக் கூடாது, கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பை ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டி, பால் பதத்தில் மூன்று மெல்லிய பூச்சு, பூச்சுக்கு ஒரு நாள் இடைவெளி. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு ஓதத்தை நிறுத்தாது, வருடா வருடம் அடிக்க வேண்டும். ஆனால் சுவர் உரியாது. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, செங்கல்மேல் நிறுத்துங்கள்.

கறை மேலிருந்து இறங்கினால் பிரச்சினை மாடியில். முதலில் மழைநீர்த் தூம்பில் அடைத்த இலையை எடுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை, கட்டட ரிப்பேரும் வெள்ளையடிப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் பெயிண்ட்தான் என்று பிடிவாதம் பிடித்தால், அடியிலிருந்து நான்கடியை மட்டும் சுண்ணாம்புக்கு விட்டுத் தரச் சொல்லுங்கள்.