சென்னை - சேலம்: பறப்பது ஒரு மணி நேரம், வீடு போய்ச் சேர?

வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையில் இறங்கி சேலத்துக்கு விமானத்தில் போகலாமா, ரயிலா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீடு சேலத்துக்கு எந்தப் பக்கம்? விமான நிலையம் இருப்பது ஓமலூருக்குப் பக்கத்தில், காமலாபுரத்தில். எங்கள் வீடு தாரமங்கலம் பக்கம், அதனால் எனக்கு வசதி. ஆத்தூரில் இருக்கும் அக்காவுக்கு இது சுத்த வீண். சென்னையிலிருந்து காரில் வந்தால் கள்ளக்குறிச்சி தாண்டியதும் ஆத்தூர், சேலத்துக்கே வர வேண்டியதில்லை. விமானம் ஏறினால் காமலாபுரத்தில் இறங்கி, சேலம் டவுனைக் கடந்து, வாழப்பாடி வழியாகத் திரும்பவும் கிழக்கே போக வேண்டும்.

ரோட்டில் சுமார் 340 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் நேராக அளந்தால் 270-க்குள்தான். அதற்கு எதற்கு ஒரு மணி நேரம் என்றால், வருவது ஏடிஆர் 72, விசிறி வைத்த சின்ன விமானம், வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில். அந்த வேகத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும். ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எல்லாம் தெளிவாகத் தெரியும், காமலாபுரத்தை நெருங்கும்போது சேர்வராயன் மலையைப் பார்க்கவே ஜன்னல் சீட் கேட்கலாம்.

"ஒரு மணி நேரம்தானே மாப்ள" என்று மச்சான் சொன்னதில் பொய்யில்லை, ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் காத்திருப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்து இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் முடித்து, பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்நாட்டு டெர்மினலுக்கு நடந்து, மறுபடியும் செக்-இன், மறுபடியும் செக்யூரிட்டி. உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாகப் போட்டிருந்தால் வெளிநாட்டு விமானத்தில் கொண்டுவந்த 30 கிலோவெல்லாம் செல்லாது, பொதுவாக 15 கிலோதான். கவுண்டரில் அதிகப்படி எடைக்குக் கட்டிய பணத்தில் ஒரு ரயில் டிக்கெட்டே எடுத்திருக்கலாம். விமானம் வேறு தாமதம். ஏன் என்று சொல்ல ஆளில்லை, போர்டில் நேரம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

வந்தே பாரத் 2023 ஏப்ரலில் ஓட ஆரம்பித்ததிலிருந்து கணக்கே மாறிவிட்டது. சென்ட்ரலிலிருந்து சேலம் ஜங்ஷன் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ நேராகப் போகிறது, எடை போட்டுப் பார்ப்பவரும் இல்லை. ஜங்ஷன் சூரமங்கலத்தில், அதாவது ஊருக்குள்ளேயே. என்னைக் கேட்டால், நேரம் ஒத்து வந்தால் ரயில்தான். காலையில் இறங்கி மதிய வண்டி வரை காத்திருக்க முடியாதவர்கள் மட்டும் விமானம் பார்க்கலாம்.

அப்புறம், இந்த விமானத்தை நம்பி வெகு முன்னாடியே திட்டம் போடாதீர்கள். சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018-ல் ட்ரூஜெட் என்ற நிறுவனத்தின் விமானம் வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில்தான் திரும்ப விமானம் வந்தது. டிக்கெட் போடும் முன் அன்றைக்கு விமானம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்காடு போகிறவர்களுக்கு: மலை பக்கத்தில் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். காமலாபுரத்திலிருந்து சேலம் வந்து, அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். காரை முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.